ஆராய்ச்சி முடியட்டும் என்று உடம்பு காத்திருக்காது

பினாங்கில் சுங்கை டுவா சாலைப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இளங்கலைப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். பாட்டுக் கேட்கும், சண்டை கேட்கும், நடுராத்திரியில் மேகி மீ வாசம் வரும். தேர்வு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் தனியாக வருவார்கள். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான் சாமான். வாடகை தேதி தவறாது, சத்தம் இருக்காது. நல்ல பிள்ளைகள் என்று அக்கம்பக்கத்தில் பெயரெடுப்பார்கள். எனக்குக் கவலையே அந்தச் சத்தமில்லாமைதான்.

நான் ஓய்வுபெற்ற தாதி. அந்தக் காலத்து ஆட்கள் எங்களை ‘மிசி’ என்று கூப்பிடுவார்கள். கத்துகிற நோயாளிக்கு மூச்சு இருக்கிறது, பேச்சில்லாமல் கிடக்கிறவரை முதலில் போய்ப் பார் என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். கணவர் காலமான பிறகு மாடி அறைகளை வாடகைக்கு விட்டேன். பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகம் பக்கத்தில் இருப்பதால் ஆராய்ச்சி மாணவர்கள்தான் அதிகம் வந்தார்கள். கிளந்தான், மேடான், ஜோர்டான், ஈப்போ, திருநெல்வேலி என்று பல ஊர்ப் பிள்ளைகள் என் மாடியில் இருந்திருக்கிறார்கள். பினாங்கில் பல கல்வி நிலையங்கள் இருக்கின்றன, அவர்களும் பல இடங்களில் படித்தவர்கள். யார் எங்கே படித்தார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அவர்கள் அடையாளமும் தெரிய வேண்டாம்.

அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஊறிப்போன கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடின உழைப்பால் இந்தப் பிள்ளைகள் நோயாளி ஆவதில்லை. தூக்கம், சாப்பாடு, பல்வலி, காய்ச்சல், கல்யாணம், அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவது எல்லாவற்றையும் ‘முடிச்ச பிறகு பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்களே, அதில்தான் நோயாளி ஆகிறார்கள். எஸ்.பி.எம். தேர்வுக்குத் தேதி உண்டு. இரண்டு மாதம் தூங்காமல் படித்தாலும் அந்தத் தேதி வந்து போய்விடும், பிள்ளை ஒரு வாரம் தூங்கி எழுந்து சரியாகிவிடும். ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு தேதி கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று வருடம் என்று தொடங்குவது நான்காகும், ஐந்தாகும். ஒரு பரிசோதனை சொதப்பினால் அரை வருடம் போகும். கட்டுரையை அனுப்பிவிட்டு ஆய்விதழின் பதிலுக்குக் காத்திருந்தே இன்னும் சில மாதம் கழியும். இரண்டு மாதத்துக்குச் செய்ய வேண்டிய தியாகத்தை ஐந்து வருடம் செய்தால் உடம்பு கணக்குக் கேட்கத்தான் செய்யும்.

ஒரு பையன். செல் வளர்ப்பு ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் செல்களை வளர்க்கிறவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செல்கள் செத்துப்போகும். அதற்காக ஞாயிறு, தீபாவளி, ஹரிராயா எதுவும் பார்க்காமல் போவான். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் பெனடால் போட்டுக்கொண்டு போய் வந்திருக்கிறான், எனக்குச் சொல்லவில்லை. நாலாவது நாள் காலையில் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னப்பா?”

“காய்ச்சல் விட்டுருச்சு ஆன்ட்டி. இப்ப பரவாயில்ல. கொஞ்சம் வயிறுதான் வலிக்குது.”

தாதி வேலை பார்த்த எவருக்கும் அந்த வார்த்தைகள் போதும். டிங்கியில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். வயிற்றுவலி, வாந்தி, சோர்வு எல்லாம் அபாய அறிகுறி. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். “செல்லுக்கு மீடியா மாத்திட்டு மத்தியானம் போறேன்” என்றான். நான் வாதாடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார், ஏற்றிக்கொண்டு போனோம். தட்டணுக்கள் 40 ஆயிரத்துக்கும் கீழே இருந்தன. ஆரோக்கியமாக இருக்கிறவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். பிழைத்துக்கொண்டான். செல்களை அவனுடைய ஆய்வுக்கூட நண்பர் ஒருவர் பார்த்துக்கொண்டார். ஒரு போன் செய்தால் முடிகிற வேலை அது. ஆனால் அந்தப் போனைச் செய்யலாம், ‘எனக்கு உடம்பு சரியில்லை, நீ பார்த்துக்கொள்’ என்று இன்னொருவரிடம் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. செல்லுக்கு வேளை தவறாமல் ஊட்டம் வைத்த பிள்ளை கடைசியாக எப்போது சோறு சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது யோசித்தான்.

இது அவனுடைய தனிப்பட்ட அலட்சியம் என்றால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். உலகம் முழுவதும் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் எடுத்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அவர்களில் 32 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்பு வந்த நிலையிலோ வரக்கூடிய நிலையிலோ இருந்தார்கள். ‘நேச்சர்’ ஆய்விதழ் 2019-ல் பல நாடுகளைச் சேர்ந்த 6,300-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டது. படிப்பினால் வந்த மனப்பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி தேடியதாக 36 விழுக்காட்டினர் சொன்னார்கள். உதவி தேடியவர்களே அவ்வளவு என்றால் தேடாதவர்களை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

பெல்ஜிய ஆய்வில் என்னைத் தொட்டது எண்ணிக்கை மட்டுமல்ல. எதனால் பாதிப்பு கூடுகிறது என்றும் அவர்கள் பார்த்தார்கள். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே இழுபடுவது, வேலைச் சுமை, மேற்பார்வையாளர் எப்படி நடத்துகிறார் என்பது. எல்லாம் மாணவரைச் சுற்றி இருக்கிற விஷயங்கள். நாமோ மாணவரைப் பார்த்து மட்டும் ‘மனசைத் திடமா வச்சுக்கோ’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டுக்கு வருவோம். முனைவர் பட்டம் பெற்றவர்கள் 60 ஆயிரம் பேர் வேண்டும் என்று மலேசியா ஒரு காலத்தில் இலக்கு வைத்தது. அதற்காக ‘மைபிரெய்ன்15’ என்ற உதவித் திட்டம் வந்தது. 2023-க்குள் அந்த எண்ணிக்கையை எட்ட வேண்டும் என்பது கணக்கு. நல்ல நோக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதனால் மேலே வந்தார்கள். ஆனால் எண்ணிக்கையை இலக்காக வைத்தால் எல்லாரும் எண்ணிக்கையைத்தான் துரத்துவார்கள். பல்கலைக்கழகங்களில் ‘கிராஜுவேட் ஆன் டைம்’ என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ‘ஜி.ஓ.டி.’ என்பார்கள். குறித்த காலத்துக்குள் மாணவர் முடித்தாரா என்பது மேற்பார்வையாளரின் செயல்திறன் மதிப்பீட்டில், அதாவது கே.பி.ஐ.யில் ஏறும். முடித்த மாணவர் தூங்கினாரா, நடுவில் உடைந்து போனாரா என்பது எந்தப் படிவத்திலும் ஏறாது. ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டையே ஒப்படைக்கலாம் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் வேறு கண்டத்தில் இருக்கிறார். இங்கே என் மாடியில் ஒரு பெண் அதிகாலையில் எழுந்து மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.

சம்பளம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலம் வரை நானும் எண்ணியிருந்தேன். நார்வே, சுவீடன் போன்ற நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் ஊழியராகவே சேர்க்கப்படுகிறார். சம்பளம் உண்டு, ஆண்டு விடுப்பு உண்டு, நோய் விடுப்பு உண்டு. அந்த சுவீடனில்தான் 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. மருந்துச் சீட்டுப் பதிவேடுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். படிப்பில் சேருமுன் இருந்ததைவிட ஐந்தாவது ஆண்டில் மனநல மருந்து தேவைப்படுவது ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியிருந்தது. நல்ல சம்பளம் தருகிற நாட்டிலேயே இந்த நிலை. அதனால் பணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பணக் கவலையும் சேர்ந்துகொள்கிறது என்கிறேன். ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் எந்த மாதம் வரும் எந்த மாதம் வராது என்று தெரியாமல் மதியச் சாப்பாட்டை விட்டவர்கள் என் வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆனால் பணம் வந்த பிறகும் வேறொன்று பாக்கி இருக்கிறது. எப்போது முடியும் என்று தெரியாத ஒன்றைத் தனியாகச் சுமப்பது. அதற்குச் சம்பளம் மருந்தாகாது.

ஈப்போவிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தாள். பள்ளியிலிருந்து படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தவள். அரசாங்க உதவியில் படிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பயம் உண்டு, முடிக்காவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகள் கணவரோடு ஈப்போவில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவாள், ஞாயிறு இரவு திரும்புவாள். ஒருநாள் பசியாறும் நேரத்தில் எதிரே உட்கார்ந்து கோப்பி கலக்கினாள். கரண்டி கோப்பையில் பட்டு டக்டக் என்று சத்தம் கேட்டபடியே இருந்தது. கலக்கி முடித்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று பாக்கெட் மூன்று-இன்-ஒன் கோப்பியை ஒரே கோப்பையில் போட்டிருந்தாள். அலமாரியிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக் கையில் சுற்றினேன். 154-க்கு 98. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து மறுபடி எடுத்தேன். பெரிதாக இறங்கவில்லை. வயது நாற்பதுகூட ஆகவில்லை.

“கிளினிக் போனியாமா?”

“வைவா முடிஞ்சதும் ஃபுல் செக்கப் பண்ணலாம்னு இருக்கேன் ஆன்ட்டி.”

“வைவா எப்ப?”

அந்த வாய்மொழித் தேர்வு எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆய்வேட்டின் வரைவு மேற்பார்வையாளரிடம் போய் வாரக்கணக்கில் ஆகியிருந்தது, பதில் இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்காமல் இருந்தாள். முப்பது மாணவர்களை ஒரு பார்வையில் அடக்குகிற வகுப்பாசிரியை, ஒரு மின்னஞ்சல் அனுப்பப் பயந்துகொண்டிருந்தாள். அன்று என் மேசையில் உட்கார்ந்தே இரண்டு வரி எழுதி அனுப்பினாள். ‘வரைவைப் பற்றிப் பேச ஒரு தேதி கொடுங்கள்’ என்று மட்டும். மறுநாளே தேதி வந்தது. அந்தப் பேராசிரியர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனால் அந்த வாரங்களில் இவளுடைய ரத்தக் குழாய்கள் பட்ட பாட்டை அவர் அறிய வழியில்லை. அரசாங்க கிளினிக்கில் பார்த்தார்கள், மாத்திரை தொடங்கினார்கள். நம் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு வெள்ளிக்குக் கிடைக்கிற வைத்தியத்தைத்தான் அவள் வைவாவுக்குப் பிறகு என்று வைத்திருந்தாள்.

மேற்பார்வையாளர்களைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நல்லவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். மாணவிக்கு நோய் என்று தெரிந்து கஞ்சி எடுத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறிய பேராசிரியை உண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் நாலைந்து வருட வாழ்க்கை ஒரே ஒருவருடைய குணத்தைப் பொறுத்து அமைவது சரியான ஏற்பாடு இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2023-ல் அடுத்தடுத்து மாணவர் மரணங்கள் நிகழ்ந்தன. இறந்தவர்களில் ஒருவர் ஆராய்ச்சி மாணவர். அதை விசாரிக்க ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரியும் எழுத்தாளருமான திலகவதி தலைமையில் குழு அமைத்தார்கள். ஒரு மாணவர் போன பிறகுதான் அவருக்கும் வழிகாட்டிக்கும் இடையில் என்ன நடந்தது என்று வெளியாட்கள் கேட்கத் தொடங்குகிறோம். போவதற்கு முன்பே கேட்க ஓர் ஆள் வேண்டும். மதிப்பெண் போடாத, பட்டத்தைத் தடுக்க அதிகாரம் இல்லாத இரண்டாவது ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவருக்கும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் போதும். ஆய்வைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விடுப்புக்கும் இதுபோல் எழுதிவைத்த ஏற்பாடு வேண்டும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த விதிகளில், பெண் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை தரலாம் என்று இருக்கிறது. பட்டம் முடிக்கும் கால வரம்பும் அவர்களுக்கு இரண்டு ஆண்டு கூட. நடைமுறையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு பேச்சு. ஆனால் காகிதத்தில் இருந்தால்தான் கேட்கவே முடியும். நம் ஊரில் செமஸ்டரை ஒத்திவைக்க வழி இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்பதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். டைபாய்டு வந்தால் வேலையிடத்தில் எம்.சி. என்று நோய் விடுப்புக் கொடுக்கிறோமே, அதில் என்ன தோல்வி? ஒத்திவைத்த செமஸ்டர் மேற்பார்வையாளரின் கே.பி.ஐ.யிலும் மாணவரின் கால வரம்பிலும் கணக்கில் வராது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இனி மாணவர்களிடம் நேராகப் பேசுகிறேன். மிசி சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தை முதலில் காப்பாற்றுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதுகிற பத்தியைக் காலையில் நீங்களே அழிக்கிறீர்கள், என்னிடம் பலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது இன்னொரு மனிதரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடையில் என்றாலும் சரி. ஒட்டுக்கடை அண்ணன் ‘ரெண்டு நாளா காணோமே’ என்று கேட்டால் அதுவும் ஒரு பாதுகாப்புதான். வயிறு எரிந்தால் கேஸ்திரிக் மாத்திரையை மிட்டாய் மாதிரிப் போட்டுக்கொள்ளாமல் டாக்டரைப் பாருங்கள். வெயில் கொட்டுகிற தீவில் இருந்துகொண்டு நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் கிடக்கிறீர்கள். தாவரவியல் பூங்கா 1884-லிருந்து இருக்கிறது, உள்ளே போகக் கட்டணம் இல்லை. காலையில் போனால் கிழவர்கள் கிழவிகள் எல்லாம் கைவீசி நடப்பார்கள். என்னைப் போன்றவர்கள் உங்களைவிட வேகமாக நடக்கிறோம் என்பதைப் பார்த்தாவது வாருங்கள்.

வாரத்தில் ஒரு நாளை முழுதாக விட்டுவிடுங்கள். அதை மிச்சமான நேரத்தில் என்று வைக்காதீர்கள், மிச்சம் என்று ஒன்று வராது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இங்கே கடல்பாசியை ஆராய்ந்தாள். மாதிரி எடுக்கப் படகில் போய் வெயிலில் கறுத்துத் திரும்புவாள். சனிக்கிழமை இரவு வரை அவளைப்போல் உழைக்கிற ஆளைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்து என் சாமி அலமாரிக்குக் கீழே வைத்துப் பூட்டச் சொல்வாள். லிட்டில் இந்தியாவுக்குப் போவாள், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவிலில் கொஞ்ச நேரம் உட்காருவாள், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காய் வாங்கி வருவாள். சாயங்காலம் மாடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் சாம்பார் வைப்பாள். மேடான் பையன் சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றிச் சூப் மாதிரிக் குடிப்பான். என் வீட்டில் தங்கியவர்களிலேயே சொன்ன காலத்தில் முடித்தவள் அவள்தான். ஞாயிறு ஓய்வெடுத்ததால் முடித்தாள் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஓய்வெடுத்ததால் அவளுக்கு எந்தக் குறையும் வரவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

தைப்பூசத்துக்கு ஒரு பையனை நான் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். பினாங்கில் அன்று பொது விடுமுறை, அவன் அதையும் மறந்து ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பியிருந்தான். தண்ணீர்மலை போகிற வழியில் எங்கள் ஆட்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் நிறுத்தினேன். மத்தியானம் வரை மோர் ஊற்றிக் கொடுத்தான். காவடி எடுத்தவர்கள், சீனப் பக்தர்கள், வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் அவன் கையால் வாங்கிக் குடித்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். ‘இன்னைக்கு நான் செஞ்சது உடனே முடிஞ்சுது ஆன்ட்டி, குடிச்சிட்டு சிரிச்சாங்க’ என்றான். ஆராய்ச்சியில் இல்லாதது அதுதான். செய்த வேலை அன்றைக்கே யாருக்காவது பயன்படுவதைக் கண்ணால் பார்ப்பது. அப்படி ஒரு வேலையை வாரத்தில் கொஞ்ச நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுங்கள், கோவில் சமையலறையில் காய் நறுக்குங்கள்.

களைப்பு வேறு, மனச்சோர்வு வேறு. களைப்பு தூங்கி எழுந்தால் குறையும். எதிலும் பிடிப்பில்லாமல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்து, தொடர்ந்து இரண்டு வாரம் இருந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். நம் நாட்டில் 2023-ல் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. 2019-ல் இது 2.3 விழுக்காடு. இது நீரிழிவு மாதிரி, ரத்த அழுத்தம் மாதிரி ஒரு நோய். மருந்து இருக்கிறது, பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது. குடிமக்கள் அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்கலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே கட்டணம் அதிகம், ஆகவே வளாக மருத்துவ நிலையத்துக்கு முதலில் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் போலீஸ் வரும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-லேயே நீக்கிவிட்டது. சொல்லுங்கள், சொல்கிறவரை யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ எண் 15555. அதை அழைக்கலாம். பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் டாக்டர் பட்டத்துக்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு பிள்ளை அந்தப் படிப்புக்குப் போனால் குடும்பமே நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் ஊருக்கு வருகிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி ‘எப்ப முடியும்?’ என்று கேட்கிறோம். அம்மா கேட்கிறாள், சித்தப்பா கேட்கிறார், கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர் கேட்கிறார். பெண் பிள்ளையாக இருந்தால் அடுத்த கேள்வி கல்யாணம். அந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் பிள்ளைக்கே தெரியாது, அதுதான் அதன் நோயே. பலர் தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் என் மாடியில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் வேலை இல்லை, இந்தக் கேள்விதான். போனில் ‘சாப்பிட்டேன்மா’ என்று சொல்லிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்து படியில் உட்கார்ந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். என்ன சமைத்தாய், யாரோடு சாப்பிட்டாய், யார் கூடப் பேசினாய் என்று கேளுங்கள். நடுவில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்றால் வா என்று சொல்லுங்கள். நிறுத்தியவர்கள் இன்று நன்றாக வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களிலும் சிலர் என் வீட்டுக்கு வந்து போகிறார்கள்.

கடைசியாக, என்னைப் போல் அறை வாடகைக்கு விடுகிறவர்களே. சுங்கை டுவா, குளுகோர், புக்கிட் ஜம்புல் எங்கு இருந்தாலும் சரி. வாடகை ஒழுங்காக வருகிறது, சத்தமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மூன்று நாளாகச் செருப்பு வாசலிலேயே கிடக்கிறதா, சமையலறைக்கு ஆள் வரவில்லையா, விடிய விடிய விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். படிப்பைக் கெடுக்கிறோமோ என்று யோசிக்க வேண்டாம். ‘பசியாறியாச்சா?’ என்று கேளுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள்.